இருபத்தாறு நாட்கள்

டாக்டர் சங்கரன் நாகூர் மீரானை ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாட்கள் கூடுதலாக வைத்திருந்தார். நடந்தது அவ்வளவுதான். தவறான மருந்து எதுவும் கொடுக்கவில்லை. யாரும் அவர் மேல் புகார் எழுதவில்லை. மீரான்கூடக் குறையாக ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பிற்பாடு அவருடைய வேலையைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் சங்கரனின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். "என்ன எண்ணறேள்?" என்று அவர் மனைவி ஷ்யாமளா இரண்டு முறை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அவர் மாட்டுங்காவில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. பிள்ளை சர்ஜனாக வரவேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். சங்கரனுக்குக் கை லேசாக நடுங்கும். கத்தியைத் தொடாத மருத்துவமாகத் தேடியபோது மனநோய் கிடைத்தது. "பைத்தியத்துக்கு வைத்தியம் பண்ண லண்டன் போகணுமா? தாணாவுக்கு டிக்கெட் எடுத்தாப் போறாதா?" என்று சித்தப்பா கேட்டார். தாணாவில் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சங்கரனும் சிரித்தார். ஐம்பத்தாறில் கப்பல் ஏறினார்.

லண்டனில் மூன்று வருஷம். ஒரு நாள் வகுப்பில் பேராசிரியர் உலகப் படம் ஒன்றைத் திரையில் போட்டார். ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு மனச்சிதைவு என்று ஒவ்வொரு நாட்டின் மேலும் ஓர் எண். நார்வேக்கு எண் இருந்தது. ஐஸ்லாந்துக்கு இருந்தது. இந்தியா வெறும் மஞ்சள் நிறமாக இருந்தது. "நம்பத்தகுந்த தகவல் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் அடுத்த படத்துக்குப் போனார். சங்கரனுக்குத் தன் வீட்டு வாசலைப் படம் எடுத்துக் கீழே 'யாரும் குடியில்லை' என்று எழுதி வைத்தது போலிருந்தது. அன்று பிடித்த ஆசை அது. அந்த மஞ்சள் நிறத்தின் மேல் ஓர் எண்ணை எழுத வேண்டும்.

திரும்பி வந்ததும் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மனநோய் வார்டைக் கொடுத்தார்கள். சலவைக் கூடத்துக்குப் பின்னால் நாற்பது கட்டில். மழைக்காலத்தில் சலவை நீராவியும் வார்டின் வியர்வையும் ஒன்றாகிவிடும். சங்கரன் காலையில் எட்டு மணிக்கு வருவார், ஒரு மணிக்கு டிபன் டப்பாவைத் திறப்பார், ஆறு மணிக்கு மாட்டுங்காவுக்கு நடந்தே போவார். ஆறு வருஷம் இப்படி ஓடிற்று.

அறுபத்தைந்தில் ஜெனீவாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏழு நாடுகளில் ஏழு நகரங்கள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வித்தாள். மனநோய் ஊருக்கு ஊர் வேறா, ஒன்றேதானா என்று பார்க்க ஒரு குழு கிளம்பியிருந்தது. லண்டனில் சங்கரனுடன் படித்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். பம்பாய்க்குச் சங்கரன் பொறுப்பேற்க முடியுமா என்று கேட்டிருந்தார். சங்கரன் அன்றே பதில் எழுதினார். ஷ்யாமளாவிடம் மறுநாள்தான் சொன்னார்.

வார்டின் தமிழ் நோயாளிகளுக்காகக் கேள்வித்தாளைத் தமிழில் எழுதும் வேலை சாப்பாட்டு மேசையில் நடந்தது. ஷ்யாமளா பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார்.

"உங்கள் நினைவுகளை யாராவது வெளியிலிருந்து எடுத்துவிடுகிறார்களா? இது சரியா இருக்கா பாரு."

"எடுத்துண்டு போகட்டுமே. அரிசி டப்பா மூடியை எங்க வெச்சேன்னே எனக்கு ஞாபகம் வரலை. அவா கிட்ட கேட்டுக்கறேன்."

எழுதியதைச் சங்கரன் வார்டு ஊழியர் பிச்சையாவிடம் வாசித்துக் காட்டினார். பிச்சையா திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தாராவியில் கோலி என்கிற ஒற்றை அறையில் குடியிருந்தார். படிக்காதவருக்குப் புரிகிறதா என்பதற்கு அவர்தான் உரைகல்.

"உங்களை யாராவது எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பதாகத் தோன்றுகிறதா?"

பிச்சையா யோசித்தார். "ஒரே கோலியில எட்டுப் பேரு படுத்துக் கெடக்கோம் சார். யாரு பாக்கலேங்கிய?"

சங்கரன் வெகு நேரம் சிரித்தார். அந்தக் கேள்வியை மாற்றி எழுதினார். அந்த மாதங்களில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மதராஸிகளுக்கு எதிரான கோஷத்துக்குப் பயந்து மாட்டுங்காவில் சில கடைகள் தமிழ்ப் பலகையை இறக்கி வைத்திருந்த சமயம் அது. ட்ராமில் போன காலம்போல பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் பேச முடியவில்லை. அவர் கவனிக்கவில்லை. பையில் கேள்வித்தாளுடன் போய் வந்துகொண்டிருந்தார்.

மீரானை அறுபத்தாறு டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை கொண்டு வந்தார்கள். டாக்சியில் அவனுக்கு ஒரு பக்கம் மனைவி ராபியா, மறுபக்கம் முதலாளி கரீம் பாட்சா. கரீம் பாட்சா மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்தார். மீரான் கடையநல்லூர். பதினோரு வருஷமாக அந்த ஷாப்பில் தோல் சீவுகிறவன். ஆள் உயரத்துக்குச் சாய்ந்து நிற்கும் ஒரு மரக்கட்டை. அதன் மேல் ஈரத்தோலை விரித்து, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் சதையையும் சவ்வையும் வழித்தெடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தோல் கிழியும், கொஞ்சம் தளர்ந்தால் சதை ஒட்டிக்கொண்டு அழுகும். அந்த ஷாப்பில் மீரானுக்கு மிஞ்சின கை இல்லை என்று கரீம் பாட்சா சொன்னார்.

மூன்று வாரமாக அவன் கத்தியைத் தொடவில்லை. எதிர்க் கட்டிடத்திலிருந்து யாரோ கத்தி வழியாகக் கரண்ட் விடுகிறார்கள் என்றான். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூக்கமும் சாப்பாடும் போய்விட்டன.

"மூணு வியாழக்கெழம மாஹிம் தர்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன்," என்றாள் ராபியா. "அங்க இருக்க மட்டும் நல்லாத்தான் இருக்காக. கோலிக்கு வந்தா மறுபடி அதேதான்."

"சரியாயிடும்மா."

"எப்ப?"

"ரெண்டு மாசம். கூடப் போனா ரெண்டரை."

அவள் கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து எண்ணினாள். வாய் அசைந்தது. "அப்ப பக்ரீத்துக்கு முன்ன வந்திருவாக," என்று கரீம் பாட்சாவிடம் சொன்னாள். அவர் தலையசைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று சங்கரன் அன்று கேட்கவில்லை. முஸ்லிம்கள், பண்டிகை, வீட்டில் இருக்க ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

லார்காக்டில் மாத்திரையும் எட்டுத் தடவை தலைக்குக் கரண்டும் கொடுத்தார்கள். கரண்டுக்குப் பயந்தவனுக்குக் கரண்ட் வைக்கிறோம் என்று சங்கரனுக்கு உறுத்தியது. ஆனால் பலித்தது. பிப்ரவரி நடுவில் மீரான் பிச்சையாவுக்குப் பால் கேன் தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு நாள் கட்டிலில் நோயாளிகளைக் கட்டும் தோல் வார்களை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"யாரு அண்ணே இத வாங்குனது? பதமே போடாத தோலு. ஆளோட கைய அறுத்துரும்."

பிச்சையாவிடம் எண்ணெய் வாங்கி எல்லா வார்களையும் இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தான். அதற்குப் பின் வார்டில் மணிக்கட்டுக் காயம் குறைந்தது. சங்கரன் இதையும் குறித்து வைத்தார்.

சனிக்கிழமை, பிப்ரவரி இருபத்தைந்து, டிஸ்சார்ஜ் என்று கேஸ் பேப்பரில் எழுதினார். வெள்ளிக்கிழமை அதை அடித்தார்.

காரணம் இதுதான். ஒவ்வொரு நகரத்திலும் பன்னிரண்டு நோயாளிகளை உள்ளூர் டாக்டரும் வெளிநாட்டு டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே மாதிரி மதிப்பிடுகிறார்களா என்று பார்ப்பதற்கு. அந்த விசாரணை வார்டிலேயே நடக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு சேராத நகரத்தை விட்டுவிட்டு வேறு நகரம் பார்ப்பார்கள். அதற்கு ஸ்வீடனிலிருந்து லிண்ட்ஹோல்ம் என்பவர் வருவதாக இருந்தது. அந்த வாரமே வரவேண்டியவர் மார்ச் பத்துக்கு வருவதாகத் தந்தி அடித்தார். சங்கரனிடம் பதினோரு பேர் இருந்தார்கள். அதற்கு முன் மூன்று பேரை, கூப்பிட்டபோது வருகிறோம் என்ற வாக்கை நம்பி வெளியே விட்டிருந்தார். ஒருவன் ஊருக்குப் போய்விட்டான். ஒருவன் டோம்பிவிலிப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். மூன்றாமவன் கொடுத்த விலாசத்தில் ஒரு டீக்கடை இருந்தது, அவனைத் தெரிந்தவர் யாருமில்லை. மீரான் பன்னிரண்டாவது ஆள். நோய் ஏறினதும் இறங்கினதும் கோடு போட்டது போல் தெளிவாக இருந்த ஆளும் அவன்தான்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும் மீரான்," என்றார்.

"சரிங்க டாக்டரய்யா," என்றான்.

மார்ச் எட்டாம் தேதி இன்னொரு தந்தி வந்தது. மார்ச் இருபத்துமூன்று.

அதற்கு நாலைந்து நாள் கழித்துக் கரீம் பாட்சா வந்தார். கையில் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"டாக்டரய்யா, ஆளு தெளிஞ்சிட்டாம்லா?"

"தெளிஞ்சாச்சு."

"பொறவு எதுக்கு வெச்சிருக்கிய?"

"கொஞ்சம் பார்க்கணும். அவசரப்படக் கூடாது."

கரீம் பாட்சா பொட்டலத்தை மேசையில் வைத்தார். பிறகு பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். பக்ரீத் அன்று மத்தியானத்திலிருந்து லாரி வரும். பம்பாய் முழுக்க அறுத்த தோல். உப்புப் போட்டாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஷாப்பில் பதினாலு கட்டை. பதினாலிலும் ஆள் நிற்க வேண்டும், இரவு பகல் பார்க்காமல்.

"அன்னைக்கு எவன் கட்டையில நிக்கானோ, அடுத்த பக்ரீத் வரைக்கும் கட்டை அவனுக்கு. நடுவுல காய்ச்சல்னு படுத்தாலும், ஊருக்குப் போனாலும், கட்டை அவனுக்குத்தான். வேற ஆள ஏத்த மாட்டோம். இவனுக்கு மூணு மாசமாக் கட்டை காலியாத்தான் நிக்கி, நான் ஒரு வார்த்த சொல்லல. ஆனா அன்னைக்கு நிக்கலேன்னா போச்சு. எங்க வாப்பா காலத்துலேருந்து அப்படித்தான். அத நான் மாத்துனா நாளைக்கு எவனும் பக்ரீத்துல நிக்க மாட்டான்."

சங்கரன் நிமிர்ந்தார். இது புதிதாக இருந்தது. லண்டனில் நோயாளி வேலைக்குத் திரும்பினால் அந்த வேலையில் வேறு ஆள் இருப்பான். இங்கே மூன்று மாதம் ஒரு மரக்கட்டை ஒருவனுக்காகக் காலியாக நின்றுகொண்டிருக்கிறது. கேள்வித்தாளின் கடைசியில் வேலையும் குடும்பமும் பற்றி ஒரு பக்கம் உண்டு. அவர் பேனாவைத் திறந்தார். "எத்தனை கட்டைன்னேள்? பதினாலா? உடம்பு சரியில்லாமப் போனா எத்தனை மாசம் வரைக்கும் காலியா விடுவேள்?" கேட்டுக் கேட்டு எழுதினார்.

கரீம் பாட்சாவின் முகம் தளர்ந்தது. அவருக்குத் தெரிந்து அரசாங்க மேசையில் ஒன்றை எழுதிக்கொண்டால் அது நடக்கும். வாயால் சொல்வதற்குத்தான் மதிப்பில்லை.

"எழுதிக்கிட்டியளா? நல்லது. அப்ப ஒரு நாள் லீவு மாதிரி சுட்டி குடுங்க போதும். காலையில நானே வந்து கூட்டிட்டுப் போறேன். மறுநா நானே கொண்டாந்து விடுதேன். அவன் பாதித் தோலு சீவுனாப் போதும். நின்னான்னு நாலு பேரு பாக்கணும், அவ்வளவுதான்."

சங்கரன் பேனாவை மூடினார். இருபத்துமூன்றாம் தேதி பக்ரீத்துக்கு மறுநாள். ராத்தூக்கம் இல்லாமல், ரத்தமும் உப்பும் கூச்சலுமாக ஒரு நாள். அதிலிருந்து இவன் கலங்கி வந்து நின்றால்? வராமலே போனால்?

"முடியாது பாய். இப்பத்தான் தேறியிருக்கார். அந்த மாதிரி ஒரு நாள் தாங்கமாட்டார். அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கடைசி வாக்கியம் பொய். அதற்கு முந்தின வாக்கியத்தில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று சங்கரனுக்கு அப்போதும் தெரியவில்லை, பிற்பாடும் தெரியவில்லை.

கரீம் பாட்சா "நீங்க படிச்சவுக," என்று சொல்லிவிட்டுப் போனார். பேரீச்சம்பழத்தைத் திரும்ப எடுத்துப் போகவில்லை.

அன்று சாயங்காலம் ஷ்யாமளாவிடம் சொன்னார். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"ஒரு நாள்தானே கேட்டார்?"

"ஒரு நாள்னா என்னன்னு உனக்குத் தெரியாது. திரும்பி வராதவா மூணு பேர்."

"எனக்குத் தெரியாதுதான். நீங்க யாருக்காகப் பயப்படறேள்னு மட்டும் கேக்கறேன். அவனுக்காகவா, வரவருக்காகவா?"

அவர் பதில் சொல்லியிருந்தால் ஒருவேளை அடுத்த நாள் சுட்டிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். இதையும் அவர் பிற்பாடு பல தடவை நினைத்தார்.

பக்ரீத் அன்று மீரான் காலையில் குளித்து, பிச்சையா கொண்டு வந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தொழுதான். பிறகு சாலையைப் பார்த்த ஜன்னலில் போய் நின்றான். மத்தியானத்துக்குமேல் பிச்சையா சங்கரனிடம் வந்தார்.

"ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கான் சார். லாரி போகுது லாரி போகுதுங்கான். சோறு வேண்டாமாம்."

"வேற ஏதாவது சொல்றாரா? சத்தம் கேக்கறதுன்னு?"

"அதெல்லாம் இல்ல சார். நெசமாவே லாரி போகுது. நானும் பாத்தேன். வாடை வருது."

சங்கரன் 'அமைதியின்மை, லேசாக' என்று எழுதினார்.

மறுநாள் லிண்ட்ஹோல்ம் வந்தார். உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். பன்னிரண்டு பேரையும் நான்கு நாளில் முடிப்பதாகத் திட்டம். மீரானை முதலில் கொண்டு வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சங்கரன் கேள்வியைத் தமிழில் கேட்டார், பதிலை ஆங்கிலத்தில் சொன்னார். பதில்கள் எல்லாம் இல்லை. குரல் கேட்கிறதா, இல்லை. யாராவது கரண்ட் விடுகிறார்களா, முன்னே அப்படி நினைத்தேன், இப்போது இல்லை. லிண்ட்ஹோல்மின் தாளிலும் சங்கரனின் தாளிலும் ஒரே கட்டங்களில் ஒரே குறிகள் விழுந்தன. ஸ்டாக்ஹோமும் பம்பாயும் ஒரே மனிதனை ஒரே மாதிரிப் பார்த்துவிட்டன. பத்து வருஷமாகச் சங்கரன் காத்திருந்தது இதற்குத்தான்.

முடிவில் மீரான் ஒன்று கேட்டான். "இது முடிஞ்சா நான் போலாமா டாக்டரய்யா?"

"என்ன கேட்கிறார்?" என்றார் லிண்ட்ஹோல்ம்.

"வீட்டுக்குப் போகலாமா என்று."

லிண்ட்ஹோல்ம் தாள்களைப் புரட்டினார். "போன மாதமே நன்றாக இருந்திருக்கிறாரே. ஏன் இன்னும் இங்கே இருக்கிறார்?"

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். உங்களுக்காக என்று சொல்லியிருக்கலாம். சங்கரனின் வாயில் வந்தது வேறு. "வீட்டில் சில சிக்கல்கள்."

அந்த நிமிஷம் மீரானின் வீட்டில் ஒரு சிக்கலும் இல்லை. லிண்ட்ஹோல்ம் அனுதாபத்தோடு தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மீரானை அனுப்பினார்கள். அவன் நேராக ஷாப்புக்குப் போனான். அவன் கட்டையில் சுயம்பு என்று ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முந்தின நாள் மத்தியானம் ஏறினவன். கரீம் பாட்சா மீரானைக் கையைப் பிடித்து உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். தோலுக்கு உப்புப் போடும் வேலை இருக்கிறது, அடுத்த பக்ரீத் வரைக்கும் அதைச் செய் என்றார். மீரான் பத்து நாள் உப்புப் போட்டான். "என்ன பாய், ஆஸ்பத்திரியில கரண்டு ஏத்தி அனுப்பிட்டானுவளா, உப்ப தொட்டா ஷாக் அடிக்கி?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. கத்தியோடு நிற்கும்போது அவனை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். பதினோராம் நாள் அவன் போகவில்லை.

ராபியாவின் அண்ணன் கடையநல்லூரிலிருந்து வந்தார். கட்டையில் நிற்கிற மாப்பிள்ளைக்குத்தான் தங்கையைக் கொடுத்திருந்தார். அடுத்த பக்ரீத் வரைக்கும் ராபியா ஊரில் இருக்கட்டும் என்றார். ரயிலுக்குப் போகிற வழியில் ராபியா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மீரானுக்கு மாத்திரை எப்போதெப்போது என்று கேட்டு, கொடுக்கும் பொறுப்பைப் பிச்சையாவிடம் ஒப்படைத்தாள். சங்கரனிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"நீங்க ரெண்டு மாசம்னு சொன்னிய. நான் எண்ணி வெச்சிருந்தேன்."

அந்த வாரம் சங்கரன் தாராவிக்குப் போனார். மாட்டுங்காவிலிருந்து ரயில் பாலத்தைத் தாண்டினால் தாராவி. நாற்பது வருஷம் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவர் அன்றுதான் தாண்டினார். பிச்சையா வழி காட்டினார். நாற்றத்துக்குக் கைக்குட்டையை எடுத்தவர், எதிரே வந்த பெண்கள் பார்ப்பதைக் கண்டு பையில் வைத்துக்கொண்டார்.

பதினாலு கட்டைகள் இரண்டு வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் ஆள். கரீம் பாட்சா பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"தப்பு என்னோடது பாய். மீரான் மேல தப்பு இல்லை. நான்தான் விடலை. அவருக்கு அந்த இடத்தைத் திருப்பிக் குடுக்கணும்."

"நான் அன்னைக்கே சொன்னேன் டாக்டரய்யா. நீங்க எழுதிக்கிட்டிய."

"பதினஞ்சாவதா ஒரு கட்டை போட முடியாதா?"

"எங்க போட? தண்ணித் தொட்டிய எடுத்துட்டா?"

மூன்றாவது கட்டையில் நின்றவன் கத்தியை நிறுத்தினான். மெலிந்த, நெற்றியில் தழும்புள்ள ஆள். முன்கைகளில் சதை ஒட்டியிருந்தது. அவன்தான் சுயம்பு.

"சார், நான் எறங்கிக்கிடவா?"

கத்தியைக் கட்டை மேல் வைத்தான்.

"நீங்க சொன்னா எறங்குதேன். ரெண்டு வருசமா உப்புத்தான் போட்டேன், மறுபடி போடுதேன். ஊர்லேருந்து பொண்டாட்டி பிள்ளைகள நேத்துதான் வரச் சொல்லிக் காயிதம் போட்டேன். அவளுக்கு என்ன எழுதட்டும்னும் நீங்களே சொல்லிருங்க."

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிஜமாகவே பதிலுக்கு நின்றான். சங்கரன் அவனைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். "நீங்க வேலையைப் பாருங்க," என்று மட்டும் சொல்ல முடிந்தது.

திரும்பும்போது பாலத்தின் மேல் பிச்சையா சொன்னார். "விடுங்க சார். அடுத்த பக்ரீத்துக்கு நிப்பான்."

ஜூலையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் மீரான் தாராவி மெயின் ரோட்டில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிச்சையாதான் கூட்டி வந்தார். இந்தத் தடவை நோய் சீக்கிரம் இறங்கவில்லை. அறுபத்தெட்டு பக்ரீத் வந்தபோது அவன் வார்டில் இருந்தான். யாரும் சுட்டி கேட்டு வரவில்லை. கேட்டால் கொடுக்கச் சங்கரன் காலையிலிருந்து கையெழுத்துப் போட்ட சீட்டை மேசையில் வைத்திருந்தார். ராபியாவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அவன் தெளிந்த பின்னும் வார்டிலேயே தங்கினான். அவனை எங்கே அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. வார்களுக்கு எண்ணெய் போட்டான். பால் கேன் தூக்கினான்.

அறுபத்தொன்பது ஜனவரியில், அதுவரை போன தகவல்களை வைத்து, ஜெனீவாவிலிருந்து ஓர் இடைக்காலக் கணக்கு வந்தது. யாரும் எதிர்பாராத ஒரு விஷயம் அதில் இருந்தது. ஏழை நாடுகளின் நோயாளிகள் பணக்கார நாடுகளின் நோயாளிகளைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். பம்பாயில் பன்னிரண்டில் எட்டுப் பேர். இதற்கு என்ன காரணம் என்று சங்கரன் கட்டுரை எழுத வேண்டும், செப்டம்பரில் நேரில் வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அவர் எழுதினார். நன்றாகவும் எழுதினார். எங்கள் நகரத்தில் நோய் ஒரு மனிதனின் இடத்தைப் பறிப்பதில்லை, அவன் இடம் அவனுக்காகக் காத்திருக்கிறது என்று எழுதி, தோல் சீவும் கட்டையை உதாரணமாகக் காட்டினார். செப்டம்பரில் ஜெனீவாவில் அந்த இடத்தை வாசித்ததும் அரங்கில் கை தட்டினார்கள். லிண்ட்ஹோல்ம் மேடைக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று உலகப் படம் எதையும் யாரும் திரையில் போடவில்லை. போட்டிருந்தாலும் சங்கரன் பார்த்திருக்க மாட்டார்.

அதற்கு முன்பு, அந்த வருஷப் பிப்ரவரிக் கடைசியில் ஒரு வேலை மீதி இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒவ்வொரு நோயாளியையும் அதே கேள்விகளால் மறுபடி விசாரிக்க வேண்டும். பதினோரு பேரைத் தேடிப் பிடித்து முடித்துவிட்டார். பன்னிரண்டாமவனைத் தேட வேண்டியிருக்கவில்லை.

மீரான் நாற்காலியில் உட்கார்ந்தான். முடி முன்னால் நரைத்திருந்தது. கேள்விகள் அவனுக்கு மனப்பாடம். சங்கரன் பாதி படிக்கும்போதே பதில் சொன்னான். இல்லைங்கய்யா. இல்லை. எப்பவாவது, மழைக்காலத்துல. இல்லை.

கடைசித் தாளில் ஒரு கட்டம் இருந்தது. 'விளைவைப் பாதித்த சம்பவங்கள்.' சங்கரன் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு வருஷமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லாதது.

"மீரான், அந்தப் பக்ரீத்துக்கு உங்களை நான் விடாம வெச்சது உங்க உடம்புக்காக இல்லை."

"தெரியும் டாக்டரய்யா."

"என்ன தெரியும்?"

"வெள்ளக்கார டாக்டர் வாரதுக்குன்னு. பிச்சையாண்ணே அப்பமே சொல்லிட்டாரு. பன்னெண்டு ஆளுக்கு ஒண்ணு கொறையுதுன்னு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை? ஏன் சண்டை போடலை?"

அந்தக் கேள்வி தாளில் இல்லாததால் பதில் தயாராக இல்லை.

"நீங்க ரொம்ப தவிச்சிட்டு இருந்திய. தந்தி வரும்போதெல்லாம் உங்க மொகம் செத்துப் போகும். நமக்கு இம்புட்டுப் பாத்த மனுசன், ஒரு நாள்தானேன்னு நெனச்சேன். மொதலாளி எப்படியும் வெச்சிருப்பாருன்னு நெனச்சேன். வெக்கல. அவர் என்ன செய்வாரு."

ஜன்னலுக்கு வெளியே சலவைக் கூடத்தின் நீராவி போய்க்கொண்டிருந்தது. மறுநாள் பக்ரீத்.

சங்கரன் கட்டத்தில் '26 நாட்கள்' என்று எழுதினார். ஜெனீவாவில் யாருக்கும் இது புரியாது. விளக்கம் கேட்டு எழுதுவார்கள், அல்லது கேட்காமலே அடித்துவிடுவார்கள். அடித்துத்தான் விட்டார்கள். அச்சான அட்டவணையில் 'வீட்டில் சிக்கல்கள்' என்று இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றான் மீரான்.

"முடிஞ்சது."

சங்கரன் காத்திருந்தார். போன தடவை இந்த இடத்தில் அவன் கேட்ட 'நான் போலாமா' என்ற கேள்வி இந்த முறையும் வரும் என்று இருந்தார். வந்தால் என்ன சொல்வது என்று தெரியாமலே காத்திருந்தார். மீரான் எழுந்தான். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் அதன் இடத்தில் வைத்தான். பால் வரும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போனான்.